தந்தையின் கடனும் தனயனின் ஏடும்

நம் கடற்கரை ஊர்களில் ஒரு காலத்தில் ஒருவனுடைய நாணயத்தை அளக்க ஒரே ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. "நீ யாருடைய மகன்?" என்பதே அந்தக் கேள்வி. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கொழும்புக்கும் பினாங்குக்கும் இரங்கூனுக்கும் கப்பலேறிய இளைஞர்கள் கையில் ஒரு பெட்டியும் நெஞ்சில் தாயின் துஆவுமாகப் போனவர்கள். அங்கே அவர்களுக்குச் சரக்கைக் கடனாகத் தந்த வணிகர், அந்தப் பிள்ளைகளை நம்பித் தரவில்லை. அவர்களுடைய வாப்பாவின் பெயரை நம்பித் தந்தார். தகப்பன் கொடுக்கல் வாங்கலில் நேரியவர் என்றால் மகனுக்குக் கதவு திறந்தது. தகப்பன் கைவிரித்தவர் என்றால், மகன் எத்துணை நல்லவனாயினும் கடைத்திண்ணையில் நெடுநேரம் நின்றாக வேண்டியிருந்தது.

அதில் அநீதி இல்லாமல் இல்லை. ஆயினும் அந்த அநீதிக்கு அந்த ஊரிலேயே மருந்தும் இருந்தது. பள்ளிவாசல் வாசலில் ஒரு பெரியவர், "அவன் தகப்பன் வேறு, அவன் வேறு, நான் சொல்கிறேன், கொடுங்கள்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். பெயர் கெட்டதும் வாய்ச்சொல்லால். அது மீண்டதும் வாய்ச்சொல்லால்.

இன்று அந்தத் திண்ணைக்குப் பதிலாக ஓர் ஏடு வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏடு. 2000ஆம் ஆண்டில் சிபில் என்ற பெயரில் ஒரு நிறுவனம் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இப்போது இத்தகைய நிறுவனங்கள் நான்கு இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும், நாம் வாங்கிய கடன் எவ்வளவு, எந்த மாதம் எத்தனை நாள் தாமதமாகத் தவணை கட்டினோம் என்பதை இவற்றுக்கு அனுப்பியாக வேண்டும். முன்பு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் அது பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றாயிற்று. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடப்படுகிறது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் மதிப்பெண் நம்மை விட்டபாடில்லை!

இந்த ஏட்டின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. "நீ யாருடைய மகன்?" என்று அது கேட்பதில்லை. பான் எண் எதுவோ அதுவே ஆள். தந்தை பத்து இலட்சம் பாக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாலும், அந்தப் பாக்கி அவருடைய ஏட்டில்தான் ஏறும். பிள்ளையின் ஏட்டில் ஒரு புள்ளிகூட விழாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நம் மார்க்கமும் அதையே சொல்கிறது. ஓர் ஆன்மாவின் சுமையை மற்றோர் ஆன்மா சுமக்காது என்பது திருமறை ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் வலியுறுத்தும் நெறி. தந்தை மரணித்தால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து முதலில் கடனைத் தீர்த்து, பிறகே வாரிசுகள் பங்கிட வேண்டும் என்று சூரத்துன் நிஸாவில் விதி இருக்கிறது. சொத்து போதவில்லை என்றால் மகன் தன் உழைப்பிலிருந்து கட்டுவது அவனுடைய பெருந்தன்மை, கட்டாயமன்று. நாட்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும், இறந்தவரின் சொத்து வாரிசின் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் அவரைப் பொறுப்பாக்குகிறது. இந்துச் சட்டத்தில் தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் அறக்கடமை என்றிருந்த பழைய கோட்பாட்டையும் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குப் பிந்திய கடன்களுக்கு எடுத்துவிட்டது.

அப்படியானால் பெற்றோரின் கடன் பிள்ளையின் ஏட்டுக்குள் எப்படி நுழைகிறது? இந்தக் கேள்வியை நானாகத் தேடிப் போய்க் கேட்கவில்லை. என் தங்கையின் வீட்டு முற்றத்துக்கே அது வந்தது.

என் மச்சான், அதாவது தங்கையின் கணவர், பதினான்கு ஆண்டுகள் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, கடைவீதியில் ஒரு பாத்திரக் கடை வைத்தார். நல்ல மனிதர். ஐவேளைத் தொழுகையாளி. வியாபாரத்தில் மட்டும், சரக்கு வாங்கும் துணிச்சல் இருந்த அளவுக்குக் கணக்குப் பார்க்கும் பொறுமை இருந்ததில்லை. ஊர் வந்த புதிதில் வாங்கிய கடன் அட்டை ஒன்றின் பாக்கியால் அவருடைய ஏடு முன்பே கறைபட்டிருந்தது. 2019இல் கடையை விரிவாக்க ஐந்து இலட்சம் கேட்டபோது, "உங்கள் பெயரில் மட்டும் தர முடியாது, படித்த மகன் இருக்கிறானே, அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு நிதி நிறுவனத்தார் வழி சொல்லிக் கொடுத்தார்கள். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

அந்த மாலையை மருமகன் பின்னாளில் எனக்கு விவரித்தான். "அஸர் தொழுதுட்டு வந்தேன் மாமா. வாப்பா கூப்பிட்டாங்க. பென்சில்ல புள்ளி வச்சிருந்த இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன். என்ன ஏதுன்னு கேக்கல. வாப்பாகிட்ட எப்படி மாமா கேக்குறது?"

கேட்கவில்லைதான். பெற்றோரிடம் சலிப்பின் ஒற்றை ஒலியைக்கூட எழுப்பலாகாது என்று கற்பித்து வளர்த்த பிள்ளை அது. அந்த வளர்ப்பில் குறையொன்றுமில்லை. ஆனால் இருபத்தேழு இடங்களில் இட்ட அந்தக் கையெழுத்தோடு, தகப்பனுக்கு உதவிய பிள்ளை என்ற நிலை மாறி, அவன் சட்டத்தின் கண்ணில் அந்தக் கடனின் இணைக்கடனாளியாகிவிட்டான். பாதிக் கடனுக்கன்று, முழுக் கடனுக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. இருவர் சேர்ந்து ஐந்து இலட்சம் வாங்கினால் ஆளுக்கு இரண்டரை என்று நம் மனம் பங்கு போட்டுக்கொள்கிறது. ஏட்டிலோ இருவர் பெயரிலும் ஐந்து, ஐந்து என்றுதான் ஏறும். ஒருவர் தவணை தவறினால் இருவர் ஏட்டிலும் ஒரே நாளில் கறை விழும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடை பூட்டிக் கிடந்தது. ரிசர்வ் வங்கி அந்த மார்ச் முதல் ஆகஸ்டு முடிய ஆறு மாதம் தவணைக்கு அவகாசம் தந்தது. அவகாசம் என்றதும் தள்ளுபடி என்று என் மச்சானைப் போல் எண்ணியவர் பலர். வட்டி மட்டும் அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை. செப்டம்பரில் தவணை மீண்டும் வந்து நின்றபோது கடையில் சரக்கும் இல்லை, கையில் பணமும் இல்லை. ஒரு மாதம் கட்டுவார். இரண்டு மாதம் விட்டுவிடுவார். வீட்டில் எவருக்கும் தெரியாது. வந்த கடிதங்களெல்லாம் கடையின் கல்லாப்பெட்டிக்குள் போயின. மகன் படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். தன் பெயரில் ஓர் ஏடு இருக்கிறது என்பதும், அதில் அறுபது நாள் தாமதம், தொண்ணூறு நாள் தாமதம் என்று மாதத்துக்கு மாதம் எண்கள் விழுந்துகொண்டிருக்கின்றன என்பதும் அவன் கனவிலும் அறியாதவை.

அவனுக்கு அடுத்தவள் ஒரு பெண். 2024இல் பிளஸ் டூ முடித்துச் செவிலியர் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. நான்காண்டுக் கட்டணத்துக்குக் கல்விக் கடன் கேட்பது என்று முடிவாயிற்று. கல்விக் கடனில் மாணவரோடு பெற்றோர் ஒருவரும் இணைக்கடனாளியாக நிற்க வேண்டும் என்பது நடைமுறை. தகப்பன் போனார், அவருடைய பழைய பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். "நான் நிற்கிறேன்" என்று அண்ணன் சென்னையிலிருந்து ஒருநாள் விடுப்பில் ஓடிவந்தான். மேசைக்கு அப்பாலிருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க வாப்பாவைவிட உங்க ரிப்போர்ட் மோசமா இருக்கே தம்பி" என்றாராம்.

அன்று இரவு அந்த வீட்டில் நடந்ததை நான் விரித்தெழுதப் போவதில்லை. மருமகன் குரலை உயர்த்தவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். சாப்பிடாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். மச்சான் இஷாவுக்குப் பள்ளிவாசலுக்குப் போனவர் நெடுநேரம் திரும்பவில்லை. என் தங்கை எனக்குத் தொலைபேசினாள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சியொன்று அந்த நாட்களில் அடிக்கடி என் நினைவில் எழுந்தது. ஜனாஸா ஒன்று கொண்டுவரப்படுகிறது. இவர் கடன் வைத்திருக்கிறாரா என்று அண்ணலார் வினவுகிறார்கள். ஆம் என்றதும் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொல்கிறார்கள். அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்து அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே அண்ணலார் தொழுவிக்கிறார்கள். கடன் எத்துணைப் பாரமானது என்பதற்கே இந்த நிகழ்ச்சியை ஆலிம்கள் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கோ அதில் இன்னொன்றும் தென்பட்டது. அபூ கதாதா (ரலி) அவர்கள் எவ்வளவு கடன் என்று அறிந்து, சபையறிய, தாமே வாய் திறந்து ஏற்றார்கள். எவரும் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டவில்லை. சூரத்துல் பகராவில் கடனைப் பற்றி வரும் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. கடனை எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது. சாட்சிகள் வேண்டும் என்கிறது. அத்தோடு, எவர் மீது பொறுப்போ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. பொறுப்பேற்பவனின் வாயிலிருந்தே பத்திரம் பிறக்க வேண்டும் என்பதல்லவா அதன் கருத்து? நம் வீடுகளில் பொறுப்பேற்கும் பிள்ளைக்குப் பத்திரத்தின் முதல் பக்கத்தைக்கூடக் காட்டுவதில்லை.

வட்டியைப் பற்றி ஆலிம்கள் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முற்படவில்லை. நம் ஊர்களில் பைத்துல்மால் வைத்து, நகையைப் பெற்றுக்கொண்டு வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. ஆனால் பைத்துல்மாலில் வாங்கி நாணயமாகத் திருப்பியது இந்த ஏட்டில் ஏறுவதில்லை. வட்டிக்கு அஞ்சி எங்குமே கடன் வாங்காத இளைஞனின் ஏடு வெற்றாக இருக்கும். வெற்றேட்டைக் கண்டாலும் வங்கிகள் தயங்கின. முதன்முறை கடன் கேட்பவரை, முன்வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசு எடுத்துரைத்தது.

மருமகன் முன் இருந்த கேள்வி இனி என்ன செய்வது என்பது. கடன் தந்த நிறுவனத்தார் ஒரு சலுகை காட்டினார்கள். வட்டியோடு சேர்ந்து நிலுவை மூன்று இலட்சத்து நாற்பதாயிரம். "ஒரே தவணையில் இரண்டு இலட்சம் கட்டுங்கள், முடித்துக்கொள்வோம்" என்றார்கள். மச்சானுக்கு அது வானத்திலிருந்து இறங்கிய உதவியாகப் பட்டது. ஒன்றே கால் இலட்சத்துக்கு மேல் மிச்சமாகிறதே! கையிருப்பைப் பார்த்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் வேண்டாமென்றேன். காரணம் இது: முழுதும் கட்டினால் ஏட்டில் "முடிந்தது" என்று எழுதுவார்கள். பேசிக் குறைத்துக் கட்டினால் "தீர்வு செய்யப்பட்டது" என்று எழுதுவார்கள். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அடுத்த வங்கிக்காரர் இரண்டாவது சொல்லைக் கண்டால், இவர் முழுப்பணமும் தராமல் விட்டவர் என்று படித்துக்கொள்வார். தகப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு அந்தச் சொல்லால் பெரிய நட்டமில்லை. மகனுக்கோ வயது இருபத்து நான்கு. வீடு கட்ட வேண்டும், நிக்காஹ் ஆக வேண்டும், தொழில் தொடங்கினாலும் தொடங்குவான். இத்தகவல்களை நிறுவனங்கள் குறைந்தது ஏழாண்டுக்காவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மிச்சமாகும் பணம் தகப்பனுடையது. மிஞ்சும் கறை மகனுடையது.

என் தங்கை அதிகம் பேசுபவளல்லள். உள்ளே போய் ஏழு பவுனை எடுத்து வந்து கணவர் முன் வைத்தாள். "அடகு வைக்காதீங்க, வித்துடுங்க" என்றாள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வேண்டாம் என்று அவள் சொன்னது அந்த வீட்டில் அன்றுவரை எவரும் சொல்லாத ஒன்று. முழுத்தொகையும் கட்டி, நிலுவையில்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்கினோம். மருமகன் அந்தத் தாளைச் சென்னைக்கு எடுத்துப் போனான்.

பெண்ணின் படிப்பு மிஞ்சி நின்றது. இதில் நான் அறிந்துகொண்டதைச் சற்று விரிவாகச் சொல்வது நம் குடும்பங்களுக்குப் பயன்படலாம். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் நான்கு இலட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் இணைக்கடனாளியானால் போதும். விண்ணப்பத்தை நிராகரிப்பதென்றால் கிளையில் இருப்பவர் தாமாகச் செய்துவிட முடியாது. அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும், காரணத்தையும் மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு நடந்ததோ வாய்மொழி மறுப்பு. விண்ணப்பத்தையே வாங்கவில்லை. நம்மவர்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே "கிஸ்மத்" என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். கிஸ்மத்துக்கு முன்னால் எழுத்தில் ஒரு பதில் கேட்டு வாங்குவது நல்லது.

கேரள உயர் நீதிமன்றம் 2020இல், பெற்றோரின் கடன் மதிப்பெண் சரியில்லை என்பது மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் காரணமாகாது என்று தீர்ப்பளித்தது. படித்து முடித்தபின் அந்த மாணவரால் திருப்பிச் செலுத்த முடியுமா என்பதே பார்க்கத்தக்கது என்றது. 2023இல் அதே நீதிமன்றம், மாணவரின் மதிப்பெண்ணே குறைவாக இருந்தாலும் வங்கிகள் மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்று மேலும் ஒருபடி போனது. அவை தமிழ்நாட்டு வங்கிக் கிளையைக் கட்டுப்படுத்தும் ஆணைகள் அல்ல. ஆயினும் எடுத்துக்காட்டத் தக்கவை. இரண்டையும் குறிப்பிட்டு, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டு, பெண்ணின் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

மேலதிகாரியிடமிருந்து வந்தது ஒரு கேள்வி. "தகப்பன் வேண்டாம், தாய் இருக்கிறாரே?"

எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை. கடன் என்றால் ஆண்கள் விவகாரம் என்ற நினைப்பு! என் தங்கை ஐந்தாறு ஆண்டுகளாக மகளிர் குழுவில் இருக்கிறாள். தையல் இயந்திரத்துக்கு என்று ஒரு கடன், பிறகு ஆடு வாங்க ஒரு கடன். கணவருடைய கடை திறந்திருந்த நாளிலும் மூடிக் கிடந்த நாளிலும் அவள் தன் தவணையை ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. அவளுடைய ஏட்டைத் திறந்து பார்த்தார்கள். வெண்பட்டாக இருந்தது. தாயும் மகளும் கையெழுத்திட்டார்கள். இம்முறை பெண் பத்திரத்தை முழுதும் வாசித்தாள். எனக்கே பொறுமை போகுமளவுக்கு வாசித்தாள். கடன் வந்தது.

தாயின் கடன் எப்போதும் இப்படிக் கைகொடுக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று இலட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துக்குத் தரும் பிணையில்லாக் கடன் நுண்கடன் எனப்படும். குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாய் நான்கு குழுக்களில் வாங்கி வைத்திருந்தால், அதே வீட்டில் இருக்கும் மணமாகாத மகள் தையற்கடை வைக்க ஒரு நுண்கடன் கேட்கும்போது அந்த நான்கும் கணக்கில் வந்து நிற்கும். அவளுடைய ஏட்டில் கறை ஏதுமிராது, இடம்தான் இராது. கந்துவட்டியில் குடும்பங்கள் மூழ்குவதைத் தடுக்க இத்தகைய எல்லை வேண்டியதே என்பது என் எண்ணம்.

இணைக்கடனாளி போலத்தான் ஜாமீனும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடனாளியின் பொறுப்புக்குச் சமமாகவே வைத்திருக்கிறது. "சும்மா ஒரு ஜாமீன்தானே" என்று சொல்லிப் பிள்ளையின் பெயரைப் போடும் தகப்பன்மார் இதை அறிய வேண்டும். பதினெட்டு நிறையாத பிள்ளையை எதிலும் சேர்க்க முடியாது. அவ்வயதில் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. பதினெட்டு நிறைந்த மறுநாளே சிலர் பிள்ளையின் பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும் அவசரம் எனக்கு இப்போதெல்லாம் அச்சம் தருகிறது. வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் கடன் பதிவு சரியில்லை என்று அவருடைய நியமனத்தை வங்கி இரத்துச் செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் கூறிவிட்டது. கறை இனிக் கடனோடு நிற்பதாக இல்லை.

கையெழுத்தே போடாத பிள்ளையின் பெயரிலும் கடன் ஏறுவதுண்டு. ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் தகப்பனுடையதாக இருக்கும் வீடுகள் எத்தனை! அத்தகைய பிள்ளை, "இது நான் வாங்கியதல்ல" என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த கேள்வி, "அப்படியானால் வாங்கியது யார்?" என்பது. அதற்கு விடை சொன்னால் அது காவல் நிலையத்தில் போய் முடியும். தகப்பனைக் காட்டிக்கொடுக்கும் பிள்ளையா, தன் வாழ்வைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளையா என்ற அந்த முச்சந்தியில் ஒரு பிள்ளையைக் கொண்டு நிறுத்துவது பெரும் அநீதி. எந்த அவசரமும் அதற்கு நியாயமாகாது.

நம் சமுதாயத்துக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே பாட்டனாருக்கு நான்கு மகன்கள் என்றால் நான்கு வீட்டிலும் ஒரே பெயரில் நான்கு பேரன்கள். முஹம்மது என்ற திருநாமத்தை ஆங்கிலத்தில் நம் ஊரில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால் கை விரல்கள் போதா. ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று. முன்னெழுத்து சிலவற்றில் முன்னால், சிலவற்றில் பின்னால், சிலவற்றில் தகப்பன் பெயரே முழுதாக விரிந்து மகனின் பெயராகி நிற்கும். முகவரியும் ஒன்றாக, தொலைபேசி எண்ணும் ஒன்றாக இருந்துவிட்டால் ஒருவரின் கடன் மற்றவரின் ஏட்டில் போய் உட்கார இடமுண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளைக்கு, பெரியவாப்பா மகனின் மோட்டார் சைக்கிள் கடன் ஏறியிருந்தது. இதற்குப் பரிகாரம் இருக்கிறது. 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழையைச் சுட்டி முறையிட்டால் முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும்; தவறினால் 2024 ஏப்ரலிலிருந்து நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு மூன்று வாரத்தில் திருத்திக் கொடுத்தார்கள்.

மருமகன் ஆண்டுதோறும் தன் ஏட்டை வருவித்துப் பார்க்கிறான். சென்ற பெருநாளுக்கு ஊர் வந்திருந்தபோது அதை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தான். மதிப்பெண் மெல்ல ஏறுகிறது. பழைய தாமதங்கள் இன்னும் அதில் இருக்கின்றன. கடைசியில் "முடிந்தது" என்ற சொல்லும் இருக்கிறது. மச்சான் அதைக் கேட்டு வாங்கினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டு போனார். பாத்திரக் கடைக் கடன் இருந்த பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது. கூட்டுக் கடன் என்று போட்டிருந்தது. யாரோடு கூட்டு என்று போடவில்லை. அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இதுல எம்பேரு எங்கயும் இல்லையே வாப்பா" என்றார்.

"போட மாட்டாங்க வாப்பா" என்றான் மகன். பிறகு தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்துக்கொண்டான்.